ஒரே கேபிள், பதினாறு சேனல்: ஒரு கட்டையை அழுத்தினால் எல்லாமே ஏன் ஒலிக்கின்றன?

2025 ஆகஸ்ட் 3 – கேள்வி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். இரண்டு கீபோர்டு, ஒரு சவுண்ட் மாட்யூல் (கட்டைகள் இல்லாத ஒலிப்பெட்டி), ஓர் ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளப் பலகை) இருக்கின்றன. முதல் கீபோர்டின் அவுட்டிலிருந்து இரண்டாவதன் இன், அதன் த்ரூவிலிருந்து (இன்னில் வந்ததை அப்படியே அடுத்ததற்குக் கடத்தும் வாயில்) மாட்யூல், மாட்யூலின் த்ரூவிலிருந்து ஆக்டோபேட் என்று மிடி (மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) கேபிளால் கோத்துவிட்டேன். முதல் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் நான்கும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஆக்டோபேடில் மணிச் சத்தம்கூடக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் போட்டால்தான் பிரிக்க முடியும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? விநாயகர் சதுர்த்திக்கு இன்னும் மூன்றரை வாரம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, இரவு 9.40

கேபிள் வாங்காதீர்கள். உங்கள் இணைப்பு சரியாகவே இருக்கிறது. கேபிளுக்குள் ஓடுவது ஒலி அன்று, செய்தி. அந்தச் செய்தி சங்கிலியில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் போகும், போயே தீரும். யாருக்கான செய்தி என்பதை அதன் முதல் எண் சொல்கிறது. தனக்கானது அல்ல என்றால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. அந்த அடையாளம்தான் சேனல். 1 முதல் 16 வரை உண்டு.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்: முதல் கீபோர்டு 1-ஆம் சேனலில் பேசுகிறது, மற்ற மூன்றும் 1-ஆம் சேனலைக் கேட்கின்றன. அல்லது அவற்றில் ஏதோ ஒன்று ஆம்னி நிலையில் இருக்கிறது. ஆம்னி என்றால் எந்தச் சேனலில் எது வந்தாலும் எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வது. முதலில் ஒவ்வொன்றிலும் ஆம்னியை அணையுங்கள். பிறகு இரண்டாவது கீபோர்டுக்கு 2, மாட்யூலுக்கு 3, ஆக்டோபேடுக்கு 10 என்று பெறும் சேனலை வையுங்கள். 10-ஆம் சேனல் எப்போதும் தாளத்துக்கு உரியது.

ஆகஸ்ட் 3, இரவு 11.15

படுத்த பிறகு உறுத்தியதால் எழுந்து எழுதுகிறேன். "எப்போதும்" என்ற சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. 1983-இல் வந்த மூல மிடி வரையறையில் 10-க்கு எந்தத் தனிச் சிறப்பும் இல்லை. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற ஒப்பந்தம்தான் 10-ஐத் தாளத்துக்கு ஒதுக்கியது. அந்த ஒப்பந்தத்தைப் பின்பற்றும் கருவியில் 10-ஆம் சேனலில் 36-ஆம் கட்டை பேஸ் டிரம், 38-ஆம் கட்டை ஸ்நேர். பின்பற்றாத பழைய கருவிகளில் 10 வெறும் எண். உங்கள் ஆக்டோபேட் வேறு சேனலில் இருந்தால் பதறாதீர்கள்.

ஆகஸ்ட் 4

"அப்படியானால் முதல் கீபோர்டிலிருந்து மாட்யூலை மட்டும் எப்படி வாசிப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கீபோர்டு அனுப்பும் சேனலை 3 ஆக மாற்றுங்கள். உங்கள் செய்தி இரண்டாவது கீபோர்டைக் கடந்துதான் போகும். அது 2-ஐ மட்டும் கேட்பதால் வாய் திறக்காது. பெறும் சேனல் வேறு, அனுப்பும் சேனல் வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். பல கீபோர்டுகளில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் ஒளிந்திருக்கும்.

ஆகஸ்ட் 5

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெருவில் விநாயகர் சதுர்த்திக் கச்சேரி. என் கீபோர்டையும் பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவரின் கீபோர்டையும் மிடியால் இணைத்திருந்தோம். சில இடங்களில் என் பியானோவோடு அவருடைய ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், அதற்காக. இரண்டுமே 1-ஆம் சேனலில். அப்போது எங்கள் யாருக்கும் சேனலைத் தொட வேண்டும் என்று தோன்றவில்லை.

நான்காவது பாட்டின் சரணத்தில் அண்ணன் புல்லாங்குழல் ஒலியில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த பகுதிக்கு ஆயத்தமாக நான் என் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான். அவருடைய குழல் நடு வாக்கியத்தில் வயலின் கூட்டமாக மாறியது. அவர் தன் விரல்களைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். பாடகி திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். கச்சேரி முடிந்ததும் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், தான் ஏதோ பொத்தானைத் தட்டிவிட்டதாக நினைத்து. அவர் எதையும் தட்டவில்லை. ஒலியை மாற்றும் செய்தியும் சேனலோடுதான் பயணம் செய்கிறது என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. தெரிந்த அன்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

ஆகவே நோட்டை மட்டும் பிரிப்பதற்கு அல்ல சேனல். ஒலி மாற்றம், ஒலியளவு, பெடல், சுருதி வளைவு எல்லாமே சேனல் வழியே போகின்றன.

ஆகஸ்ட் 5, பிற்பகல்

மென்பொருள் எழுதும் ஒருவர் எண்களைக் கேட்டார். பெங்களூரு அல்லவா, கேட்காமல் இருப்பார்களா? ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் போகும். 144, 60, 100 என்று வந்தால்: 1-ஆம் சேனல், நடு ஸ, ஓரளவு அழுத்தமான அடி. 144 முதல் 159 வரையிலான பதினாறு எண்களும் "கட்டை அழுத்தப்பட்டது" என்பதே; எந்த எண் என்பதைப் பொறுத்துச் சேனல் மாறும். 153 வந்தால் 10-ஆம் சேனல். கம்பிக்குள் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது, திரையில் ஒன்றில் தொடங்குகிறது. நிரல் எழுதுகிறவர்கள் 10 என்று எழுதி 11-ஆம் சேனலுக்கு அனுப்பிவிடுவது இதனால்தான்.

ஒலிப் பட்டியலிலும் இதே வழுக்கல் உண்டு. ஜெனரல் மிடியில் சிதார் 105, பாஞ்சோ 106. ஓர் எண் தள்ளினால் சிதார் கேட்ட இடத்தில் பாஞ்சோ வரும். 112-இல் ஷெனாய் இருக்கிறது. 128 ஒலிகள் கொண்ட அந்தப் பட்டியலில் நாகஸ்வரம் இல்லை, வீணை இல்லை. தாளக் கட்டைகளில் மிருதங்கமும் இல்லை. இது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

ஆகஸ்ட் 7

ஆகஸ்ட் 3 அன்று தொலைபேசியில் ஒருவரிடம் சொன்னதை இங்கே திருத்துகிறேன், அவரும் படிக்கிறார். மூன்று நான்கு கருவிகளைத் த்ரூ வழியாகக் கோத்தால் கடைசிக் கருவி தாமதமாக ஒலிக்கும் என்றேன். தவறு. த்ரூவில் ஏற்படும் தாமதம் காதுக்கு எட்டாதது. உண்மையான சிக்கல் வேறு. ஒவ்வொரு கருவியின் இன் வாயிலிலும் ஒரு சிறிய ஒளி இணைப்பான் இருக்கிறது: மின்சாரம் ஒளியாகி, ஒளி மறுபடி மின்சாரமாகிறது. அப்படி மாறும்போது துடிப்பின் ஏறுமுனையும் இறங்குமுனையும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஒன்றிரண்டு கருவிகள் வரை கவலையில்லை. வரிசை நீண்டால் துடிப்பின் வடிவம் சிதைந்து செய்தியே பிழையாகப் படிக்கப்படும். உங்கள் சங்கிலி தாங்கும். அதற்கு மேல் சேர்ப்பதென்றால் ஒரு த்ரூ பெட்டி வாங்குங்கள். ஓர் இன், பல த்ரூ.

தாமதம் வருமிடம் கம்பியின் வேகம். வினாடிக்கு 31,250 துடிப்புகள்தான். ஒரு கட்டைச் செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி. பத்து விரலும் சேர்த்து அழுத்தினால் பத்தாவது ஸ்வரம் முதலாவதைவிடச் சில மில்லிவினாடி பின்னால் வரும். அதைக் காது பொறுத்துக்கொள்ளும். பதினாறு சேனலும் இந்த ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சேனல் கூடினால் பாதை அகலமாவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எஸ்.பி. ரோடு போய்வந்தேன். எனக்கு ஒரு நீளமான கேபிள் தேவைப்பட்டது. மழைத் தூறலில் குடையோடு குடை இடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்து, ஒரு கடையில் ஐந்து கால் பிளக் வைத்த கேபிள் வாங்கினேன். மிடி கேபிள்தான் என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னார் கடைக்காரர். வீட்டில் மாட்டினால் ஒரு சத்தமும் இல்லை.

பிளக்கின் கழுத்தில் இருந்த திருகைக் கழற்றி உறையைப் பின்னுக்கு இழுத்தேன். பிறை வடிவில் ஐந்து கால்கள். நடுவில் இருப்பது 2. அதன் இரு பக்கமும் 4, 5. ஓரங்களில் 1, 3. மிடிக்கு வேலை செய்வது 4-உம் 5-உம் மட்டுமே; 2 கவசக் கம்பிக்கு. இந்தக் கேபிளில் 1, 2, 3 ஆகியவற்றில் ஈயம் பளபளத்தது. 4-உம் 5-உம் பித்தளை நிறம் மாறாமல் அப்படியே மொட்டையாக நின்றன. பழைய டேப் ரெக்கார்டருக்கான கேபிள் அது. சூட்டுக்கோலை எடுத்து இரு முனைகளிலும் கம்பியை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். மல்டிமீட்டர் "பீப்" என்றதும் மனம் நிம்மதியானது. அரை மணி நேர வேலை. வாங்கும்போதே கடையில் மல்டிமீட்டர் கேட்டு 4-க்கும் 4-க்கும், 5-க்கும் 5-க்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நீளம் 15 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

செய்தி வெளியே வருகிறதா என்று அறிய இன்னொரு வழி: ஒரு சாதாரணச் சிவப்பு எல்இடியின் நீண்ட காலை அவுட் வாயிலின் 4-இலும் குட்டைக் காலை 5-இலும் செருகுங்கள். கட்டையை அழுத்தும்போதெல்லாம் அது மினுக்கும். சில கீபோர்டுகளில் தொடாமலே மினுக்கிக்கொண்டிருக்கும். "உயிரோடு இருக்கிறேன்" என்று வினாடிக்கு மூன்று முறையாவது அது செய்தி அனுப்புவதால்.

ஆகஸ்ட் 10

"ஆக்டோபேடில் அடித்தால் மாட்யூலின் தாள ஒலி வர வேண்டும், கீபோர்டும் மாட்யூலை வாசிக்க வேண்டும், இரண்டு அவுட்டையும் ஒரு ஒய் கேபிளில் சேர்க்கலாமா" என்று கேட்கிறீர்கள். கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் துடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து பொருளற்ற எண்களாகிவிடும். சேனல் வேறு வேறாக வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் சேனல் எண்ணே சிதைந்துபோகும். மெர்ஜ் பெட்டி வேண்டும். அது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவரைக் காக்க வைத்து, ஒழுங்காக வரிசைப்படுத்தி அனுப்பும்.

1985-இல் வந்த முதல் ஆக்டோபேடில் சொந்த ஒலியே கிடையாது. அடியை மிடியாக அனுப்புவது மட்டுமே அதன் வேலை. நம் ஊர் மேடைகளில் இன்று அதை ஒரு தனி வாத்தியமாகவே பார்க்கிறோம். பிறந்தபோது அது வெறும் தூது சொல்லி.

ஆகஸ்ட் 12, நள்ளிரவு

இந்த இழையில் எனக்கு மிகவும் முக்கியமானதை இன்னும் எழுதவில்லை. சேனல் என்றால் யாருக்குச் செய்தி என்பது மட்டும்தான் என்று நானே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். கமகம் வாசிக்கப் போனபோதுதான் அது உடைந்தது.

இடது கையால் ஸ–ப பிடித்து வைத்துக்கொண்டு, வலது கையில் தோடி காந்தாரத்தை அசைக்கப் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பினேன். காந்தாரம் அசைந்தது, கூடவே ஸ-வும் ப-வும் அசைந்தன. அசையக் கூடாத ஆதார சுருதி தள்ளாடுவதைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். கீபோர்டு மட்டமானது என்று முடிவுகட்டினேன். அது அநியாயம். சுருதி வளைவு என்பது ஒரு ஸ்வரத்துக்குச் சொல்லப்படும் செய்தி அன்று. ஒரு சேனல் முழுமைக்கும் சொல்லப்படுவது. அந்தச் சேனலில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கிறதோ அத்தனையும் வளையும்.

தீர்வு எளிது. கீபோர்டை இரண்டாகப் பிரித்து, இடது பகுதியை 2-ஆம் சேனலுக்கும் வலது பகுதியை 1-ஆம் சேனலுக்கும் அனுப்புங்கள். சக்கரம் 1-க்கு மட்டும் செல்லட்டும். அன்று இரவு முதல் முறையாக ஸ நிலைத்து நிற்க, காந்தாரம் மட்டும் அதன் மேல் அசைந்ததைக் கேட்டேன். மனைவி உள்ளறையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள், அவள் பாட்டுக் கற்றவள். "இப்போதுதான் தோடி மாதிரி இருக்கிறது" என்றாள்.

வளைவின் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. நீண்ட ஜாருவுக்கு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) அது போதாது, 12 வரை கூட்டலாம். ஆனால் கீபோர்டில் 12 என்றும் மாட்யூலில் 2 என்றும் இருந்தால் இரண்டும் இரண்டு ராகம் பாடும்.

ஆகஸ்ட் 13

நேற்றைய குறிப்புக்கு ஒரு வாசகி சேர்த்தது, நன்றியோடு இங்கே வைக்கிறேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்து வாசிக்கும் முறை 2018-இல் அதிகாரப்பூர்வ வரையறையாகவே ஆகியிருக்கிறது. எம்பிஈ என்று பெயர். ஒரு சேனல் பொதுச் செய்திகளுக்கு, மீதி பதினைந்து வரை ஸ்வரங்களுக்கு. மிடி கிட்டார்க்காரர்கள் ஆறு தந்திக்கு ஆறு சேனல் என்று இதை முன்பே செய்துவந்தார்கள். ஒரு தந்தியை இழுத்தால் மற்றது அசையக் கூடாது என்ற அதே கவலைதான்.

ஆகஸ்ட் 17

ஒத்திகையில் பாடகர் இரண்டு கட்டை சுருதி கேட்டார், முதல் கீபோர்டில் இரண்டு அரைச்சுரம் ஏற்றினீர்கள், மாட்யூல் மட்டும் மூன்று கட்டையில் பாடியது என்கிறீர்கள். மாட்யூலிலும் ஏற்றியிருக்கிறீர்கள். பல கீபோர்டுகள் ஏற்றிய எண்ணையே வெளியே அனுப்பும். மாட்யூல் அதன் மேல் மறுபடி ஏற்றியது. ஓரிடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

தாளத்திலும் இதே கதை. ஏற்றிய நிலையில் 10-ஆம் சேனலுக்கு வாசித்தால் 36 என்பது 38 ஆகிவிடும். பேஸ் டிரம் அடிக்கும் இடமெல்லாம் ஸ்நேர் விழும்.

ஆகஸ்ட் 20

சுருக்கமாக இரண்டு. லேப்டாப்பை இணைத்ததும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து கால் மிடியில் கருவிகளுக்கு இடையே மின் தொடர்பு கிடையாது, ஒளிதான் பாலம்; யுஎஸ்பியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, கணினியோடு இணைத்த கீபோர்டில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்டால் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைக்கும் கீபோர்டின் சொந்த ஒலிக்கும் உள்ள நேரடி இணைப்பு) அணையுங்கள். கட்டை தன் சொந்த ஒலியை ஒரு முறையும், கணினியைச் சுற்றிவந்து இன்னொரு முறையும் எழுப்புகிறது.

ஆகஸ்ட் 24

யாரோ காலால் கேபிளை இழுத்துவிட்டு ஒரு ஸ்வரம் நிற்காமல் அலறினால் என்ன செய்வது? கட்டையை விட்ட செய்தி போய்ச் சேரவில்லை, அதனால்தான் மாட்யூல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேபிளைத் திரும்பச் செருகி, அதே சேனலில் அதே கட்டையை ஒரு முறை தட்டி விடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் பேனிக் பொத்தான். அது எல்லா ஸ்வரங்களையும் நிறுத்தும் 123-ஆம் எண் கட்டளையை அனுப்பும். கேபிளை மேடைப் பலகையோடு துணி நாடாவால் ஒட்டிவிட்டால் இந்த நிலையே வராது.

ஆகஸ்ட் 28

நேற்று இரவு ஸ்ரீராமபுரம் வந்திருந்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை; சொன்னால் உங்கள் கை நடுங்கும். நான்கு கருவியின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி 1, 2, 3, 10 என்று நீல மையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். மூன்றாவது பாட்டில் உங்கள் குழல் ஒலி வளைந்தபோது கீழே தம்புரா ஒலி அசையவில்லை. 2-ஆம் சேனலின் ஒலியளவை மட்டும் இன்னும் கொஞ்சம் குறையுங்கள், பாடகியின் கீழ் ஸ்தாயியை அது மூடுகிறது. ஒலியளவுக்கானது 7-ஆம் எண் கன்ட்ரோலர். 90 அளவில் வைத்துப் பாருங்கள்.